இறக்குக்கூலி யாருடையது?

1

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று இன்றைக்கும் நின்று யோசிக்கிறேன். இரும்புத் தகட்டின்மேல் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பழகிய கை இது. காகிதத்தில் எழுத்து பெரிது பெரிதாகத்தான் விழும். சங்கத்தின் ஆண்டு மலரை அச்சுக்குக் கொடுப்பவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும் என்று ஊர்ச் சங்கத்தில் மூன்று வருடமாகக் கேட்கிறீர்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, எழுதவும் கூச்சம். இந்த வருடம் கோபம் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

ஆடி மாதத்திலிருந்து நம் உறவுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் எனக்குப் பெயர் ‘அணுகுண்டு’. என் படத்துக்குப் பின்னால் புகைபோக்கி ஒட்டிப் போடுகிறார்கள். அது புகை இல்லை, நீராவி என்று ஒருமுறை பதில் எழுதினேன். அதில் ‘நீராவி’க்கு மூன்று சுழி ண போட்டிருந்தேனாம். அதற்கு ஒருநாள் முழுக்கச் சிரிப்பு. ‘அணு ஊரில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் பிழைப்பைக் கெடுக்கிறான்’ என்று எழுதியவர்கள் பலரும் இந்த மலரைப் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நடந்தது இதுதான்.

2

நான் இருப்பது பிரான்சில், ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு வளைகுடாவுக்குப் போனேன். அங்கிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு ஆள் எடுத்தபோது இங்கே வந்து அப்படியே தங்கிவிட்டேன். இப்போது டேங்கர் வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சமையலறை சன்னலைத் திறந்தால் ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு கோபுரங்கள் தெரியும். அடி அகன்று, இடுப்பு சிறுத்து, வாய் திறந்தபடி நிற்கும். அணுமின் நிலையத்துத் தண்ணீரை ஆறவைக்கிற கோபுரங்கள். என் மகள் தாரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மேகமெல்லாம் அங்கேதான் செய்கிறார்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டு வந்தாள்.

வந்த புதிதில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். கையில் ஒரு கட்டுக் காகிதம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் எதையோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் குரலை உயர்த்தி, “ஓ குரோன்? ஓ குரோன்?” என்றார். இங்கே கரண்டுக்கும் குரோன் என்றுதான் பெயர். அது மட்டும் காதில் விழுந்தது. கரண்ட் கட்டணம் கட்டவில்லை என்று சந்தேகப்படுகிறார் போலிருக்கிறது என்று பயந்து, கட்டிய பில்லை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். அவர் சிரித்தார். ‘விஷயம் தெரியாதா உனக்கு’ என்றுதான் கேட்டிருக்கிறார். அவர்கள் மொழியில் விஷயம் தெரிந்தவன் கரண்டில் இருப்பவனாம். ஆனால் இந்த நாட்டில் நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதற்கு அத்தாட்சியே அந்தக் கரண்ட் பில்தான். கேட்காமலே கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அட்டை கிடைத்தது.

அந்த பில்லை இத்தனை வருடமாக ஒழுங்காகக் கட்டுகிறேன். எல்லாச் செலவும் அதற்குள் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

3

என் அண்ணன் துரைசாமியைத் தெரியாதவர்கள் நம் பக்கம் குறைவு. லாரி ஓட்டினார். பிறகு லாரியை விற்றுவிட்டு, மோகனூர் ரோட்டில் இருக்கும் எங்கள் காட்டு நிலத்தில் கோழிப்பண்ணை போட்டார். நாலு பக்கமும் அடைத்து, ஒரு பக்கம் பெரிய பெரிய பேன் வைத்துக் காற்றை இழுக்கிற கொட்டகை. அதில் பேன் நின்றால் கோழிக்கு மூச்சு நின்ற மாதிரி.

போன சித்திரையில் மத்தியான நேரத்தில் காற்றடித்து லைன் அறுந்தது. ஜெனரேட்டரின் பேட்டரி செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துப் பண்ணையிலிருந்து பேட்டரி கொண்டுவந்து மாட்டுவதற்குள் பாதிக் கொட்டகை கோழி முடிந்துவிட்டது. அண்ணன் வீடியோவில் காட்டினார். போனை மட்டும் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

வைகாசியில் ஒரு தரகர் வந்தார். சோலார் கம்பெனிக்குக் காடு வேண்டும், இருபத்தைந்து வருடக் குத்தகை. பண்ணையை ஒட்டிய எங்கள் மேட்டுக்காடு நாலு ஏக்கரும் அப்பா காலத்திலிருந்து இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. அண்ணன் எனக்கு அனுப்பிய செய்தி இரண்டே சொல்: ‘பவர் அனுப்பு.’

அதை நான் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தது தாரணியின் காதில் விழுந்துவிட்டது. “பெரியப்பாவுக்கு எப்படிப்பா கரண்ட் அனுப்புவ? அவ்வளவு நீள ஒயரா?” என்று கேட்டாள். பவர் என்றால் நம் ஊரில், என் சார்பாக நீ கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. தூதரகத்துக்குப் போய் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு ஒருநாள் லீவு, இரண்டு ரயில். போகத்தான் இருந்தேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது தாரணி நடுவில் வந்து உட்கார்ந்தாள். மின்சாரப் படிப்புத்தான் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

“பெரியப்பா, நீ தப்பா யோசிக்கிற” என்றாள்.

அண்ணனின் முகம் மாறியது. “நீயா? ஏஞ்சாமி, ‘ங்க’ங்கற எழுத்து அந்த ஊர்ல விக்கறதில்லியா?” என்றார். என்னைப் பார்த்து, “நல்லா வளத்தியிருக்கற” என்றார்.

சொந்தக்காரர்களை நீ என்று அழைப்பதுதான் இங்கே பாசம். அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே திருத்திக்கொண்டாள்.

“நீங்க தப்பா யோசிக்கிறீங்க. அந்தக் கரண்ட் உங்க கோழிக்கு வராது. கம்பெனி அதை லைனுக்குத்தான் அனுப்பும். லைன் அறுந்தா உங்க பேன் நிக்கும்.”

“வர்ற குத்தகையில இன்னொரு ஜெனரேட்டரு வாங்குவேன். அது உனக்கெதுக்கு? கோழிக்கு வெக்கை பகல்லதான். சூரியனும் பகல்லதான். ஊர்ப்பட்ட காட்டுல சோலாரு தட்டு போட்டா கரண்ட் கொட்டுமில்ல?”

“பொழுது போன பொறகு? மழை நாள்ல? பேஸ் லோடு வேணும் பெரியப்பா. எந்நேரமும் ஒரே மாதிரி வர்ற கரண்ட். அது அணுவில வரும்.”

“பேஸ் லோடா?” அண்ணன் சத்தமாகச் சிரித்தார். “அடிலோடுன்னு சொல்லு. எனக்கே லோடு சொல்லித் தர்றியா? அடியில இரும்பு போடோணும், மேல பஞ்சு போடோணும். அடி கனமா இருந்தாத்தான் வண்டி சாயாது. அதானே?”

“அதேதான்!” தாரணி கை தட்டினாள். “நீங்க சொல்ற சூரியன் பஞ்சு. பொழுது போனா பஞ்சும் இல்ல, காலி வண்டி.”

“செரி. உன்ற அணு இரும்புன்னே வெச்சுக்கலாம். அந்த லோடை எங்க எறக்குவீங்க?”

“எந்த லோடு பெரியப்பா?” என்றாள் தாரணி.

“எரிஞ்சு முடிஞ்ச கழிவு இருக்குதில்ல, அதைக் கேக்கறேன். ஆயிரம் வருசமானாலும் சூடு போகாதுங்கறாங்க. எறக்க எடமில்லாத லோடை எவனாச்சும் ஏத்துவானா? நானெல்லாம் லாரி ஓட்டினப்ப ஏத்தறதுக்கு முன்னாடியே கேப்பேன். எங்க எறக்கறது, எறக்குக்கூலி யாருதுன்னு. நீங்க படிச்சவங்க, கேக்காமயே ஏத்திப்போட்டு ரோட்டுல நிக்கறீங்க.”

எனக்கு உள்ளுக்குள் அண்ணனைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. அவரோ என்னைப் பார்த்து, “வாய்ல என்ன கொழுக்கட்டையா? பவரை அனுப்பு” என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

5

அண்ணன் கேட்டது பட்டறையிலும் என்னை விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் இங்கே எப்போதும் இதே சண்டைதான். மிஷேல் என்றொருவர், என் பக்கத்து மேசை வெல்டர். அவருடைய அப்பா அந்தக் கோபுரத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அணு என்றால் அவருக்குக் குலதெய்வம். எதிரே உட்காருகிற இளவட்டங்கள் வேண்டுமென்றே சீண்டுவார்கள். காற்றாடியும் சூரியனும் இருக்கும்போது இதற்கு எதற்கு இவ்வளவு செலவு, வெயில் காலத்தில் ஆறு சூடாகிவிட்டால் உங்கள் நிலையமே மூச்சைக் குறைத்துக்கொள்கிறதே என்பார்கள். அதுவும் உண்மைதான். குழாயில் மயிரிழை விரிசல் என்று ஒரு குளிர்காலத்தில் பல நிலையங்களை நிறுத்தி, வீட்டுச் சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். வெல்டிங் தெரிந்தவனுக்கு மயிரிழை விரிசல் எவ்வளவு பெரியது என்று தெரியும். அப்படியும் என் வீட்டில் ஒருநாள்கூட விளக்கு அணைந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தனை வருடத்தில் அந்தச் சண்டையில் நான் வாயைத் திறந்ததே இல்லை. அன்றைக்கு என் அரைகுறை மொழியில் கேட்டேன். “மிஷேல், அந்தக் கோபுரம் கிழடாகிவிட்டால் யார் பிரிப்பது? நிலையத்துக்குள் இருக்கிற கழிவை யார் காவல் காப்பது? அதற்குக் கூலி யாருடையது?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பேசியதே அவர்களுக்கு அதிசயம். மிஷேல் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னார்: “அப்போது நானும் இருக்க மாட்டேன், நீயும் இருக்க மாட்டாய். பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.”

இளவட்டங்கள் கைகொட்டினார்கள். அவர்களையும் விடவில்லை. “உங்கள் தட்டும் காற்றாடியும் பழசானால்?” என்று கேட்டேன். அவர்களில் ஒருவன் தோளைக் குலுக்கினான். “அது மறுசுழற்சி ஆகிவிடும்” என்றான். யார் செய்வார்கள் என்றேன். “யாராவது” என்றான்.

இரண்டு கட்சியும் ஏற்றுக்கூலியை மட்டும்தான் பேசுகிறது. என்னுடையது மலிவு, உன்னுடையது விலை அதிகம் என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். இறக்குவது யார் என்றால் ஒருவன் பேரனைக் காட்டுகிறான், இன்னொருவன் தோளைக் குலுக்குகிறான். படித்தவர்கள்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குக் குறைந்துவிட்டது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

6

பிறகு ஒப்பந்தத்தின் நகல் வந்தது. அண்ணன் அதைப் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார். வக்கீல் பார்த்துவிட்டார், மைத்துனர் பார்த்துவிட்டார், எல்லாம் சரி, நீ பவர் மட்டும் அனுப்பு என்று கீழே எழுதியிருந்தார்.

படித்தவர்கள் வேகமாகப் படிப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். ஒரு சொல்லையும் தாண்டிப் போகத் தெரியாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘குத்தகைக் காலம் முடிவுற்ற பின் நிலத்தில் எஞ்சியிருக்கும் கட்டுமானங்களை அகற்றும் பொறுப்பும் செலவும் நில உரிமையாளரைச் சார்ந்தது.’

மூன்று முறை படித்தேன். நாலு ஏக்கர் முழுக்கச் சிமெண்டுக் கால், இரும்புச் சட்டம், கண்ணாடித் தட்டு. கம்பெனி போட்டுச் சம்பாதித்துவிட்டுப் போய்விடும். பிரித்து இறக்குவது எங்கள் தலையில். இருபத்தைந்து வருடம் கழித்து என்றால் அண்ணன் மகன் தலையில், தாரணி தலையில்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் பட்டறைக்குப் போவதற்கு முன், அண்ணன் ஓட்டிய லாரியில் கிளீனராக இருந்தேன். ஒருமுறை சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போனோம். இறக்குக்கூலி யாருடையது என்று அண்ணன் ஏற்றும்போது கேட்கவில்லை. அங்கே போனதும் சரக்கு வாங்குகிறவன், கூலி லாரிக்காரனுடையது என்றான். பேசிப் பார்த்தோம். அவன் சிரித்தான். கையில் காசில்லை. அண்ணனும் நானுமாகக் காலையில் ஆரம்பித்து அத்தனை மூட்டையையும் நாங்களே சுமந்து இறக்கினோம். அந்த வெயிலில் அண்ணனுக்கு இடுப்புப் பிடித்தது. இன்றைக்கும் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பது அதனால்தான். அதற்குப் பிறகு, கற்பூரம் ஒரு பெட்டி ஏற்றினாலும் முதல் கேள்வி அதுதான்: “எறக்குக்கூலி யாருதுங்க?”

அந்த மனிதர் இதைப் படித்துவிட்டு விட்டுவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. போன் போட்டேன்.

“அண்ணா, பன்னண்டாம் பக்கம் பாத்தீங்களா?”

“எல்லாம் பாத்தாச்சு.”

“எறக்குக்கூலி யாருதுங்கண்ணா?”

“வக்கீலு படிச்சவரு. நீ அஞ்சாவது” என்றார்.

“அதனாலதாங்கண்ணா மெதுவாப் படிச்சேன். அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லுங்க. அடுத்த ரயில்ல போயி முத்திரை வாங்கறேன்.”

“கேட்டா அவன் பக்கத்துக் காட்டுக்குப் போயிருவாண்டா!” அண்ணன் கத்தினார். “செத்த கோழியை நானு குழி வெட்டிப் பொதைச்சேன். நீயா பொதைச்ச? இருவத்தி நாலு மணி நேரமும் கரண்ட் வர்ற ஊட்டுல உக்காந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கற. உனக்கு எதுக்கால நிக்குதே ரெண்டு கோபுரம், அதுகளை மொதல்ல எறக்கிப்போட்டு வந்து பேசு.”

“கொட்டகைக் கூரைமேல போடுங்கண்ணா. உங்க கரண்ட் உங்க பேனுக்கே ஓடும். நான் வாங்கித் தர்றேன்.”

“உன்ற அணுக் காசுல எனக்குச் சூரியன் வேண்டாம்.”

அன்று சாயங்காலமே குழுவில் நான் அணுகுண்டு ஆனேன். பன்னிரண்டாம் பக்கத்தைப் பற்றி அண்ணன் அங்கே எழுதவில்லை. நீங்களும் யாரும் கேட்கவில்லை. எவனோ ஒரு தம்பி, அவன் பெயரை எழுத மாட்டேன், என் மகளையும் சேர்த்துப் படம் போட்டான். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதற்காக அன்றைக்கு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். இத்தனை வருடமாக நான் வெட்கப்பட்ட குறை அது.

7

இன்றைக்கு இங்கே எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிற நாள். விளக்குச் செலவை மிச்சம் பிடிக்க எப்போதோ கொண்டுவந்த வழக்கமாம். சுவர்க் கடிகாரத்தை இறக்கி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன். ஆடிக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

“கம்பெனிக்காரன் பக்கத்துக் காட்டுக்குப் போயிட்டான்” என்றார். நல்லா இருக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

கடிகாரத்தை மேசைமேல் வைத்தேன்.

“கேட்டேன்டா. தரகன்கிட்ட எறக்குக்கூலி யாருதுன்னு கேட்டேன். ‘இருவத்தஞ்சு வருசம் கழிச்சு நீங்களும் இருக்கப் போறதில்ல, நானும் இருக்கப் போறதில்ல, அதைப் பத்தி இப்ப என்னத்துக்குங்க’ன்னு சொல்லிப்போட்டுச் சிரிச்சான்.”

மிஷேல் ரொட்டியைப் பிய்த்தது என் கண்முன் வந்தது. இரண்டு நாடு, இரண்டு கட்சி, சொல் மட்டும் ஒன்று.

“நாக்பூர்க்காரனும் இப்படித்தாண்டா சிரிச்சான்” என்றார் அண்ணன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் “அண்ணா” என்றதும் மறுபடி ஏறியது. “அதுக்காக நீ சொன்னது செரின்னு ஆயிராது. எனக்கு வரவேண்டிய குத்தகை உன்னாலதான் போச்சு. இப்பக் கரண்டும் போயிருக்குது. கேக்குதா?”

போனை எதற்கோ அருகில் கொண்டுபோனார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“டீசல்ல ஓட்டறேன். நீ ஒண்ணு செய்யி. உன்ற ஊட்டுக்கு எதுக்கால நிக்குதே அந்த லோடு, அதுக்கு எறக்குக்கூலி யாருதுன்னு கேட்டுச் சொல்லு. என்னைக் கேட்டியல்ல, அங்கயும் கேளு. கேட்டுப்போட்டுக் கூரைக்குத் தட்டு வாங்கறதைப் பத்திப் பேசு. அதுவரைக்கும் என்ற மொகத்துல முழிக்காத.”

வைத்துவிட்டார்.

தாரணியைக் கேட்டேன். அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள் என்றாள். போதுமா என்றேன். “போதும்னு சொல்றவங்களும் இருக்காங்க, போதாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க அப்பா. எனக்குத் தெரியல” என்றாள். இந்த விஷயத்தில் படித்தவர் வாயிலிருந்து தெரியவில்லை என்ற சொல்லை நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அதனால் கரண்ட் பில்லின் மேல் போட்டிருக்கும் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் மொழியில் எழுதியது தாரணி. ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். “இறக்குக்கூலிக்கு இங்க சொல் இல்லப்பா” என்றாள். வேறு சொல் போட வேண்டாம் என்று சொல்லி, அந்த இடத்தில் மட்டும் நானே பேனாவை வாங்கித் தமிழில் எழுதினேன். யாராவது கேட்கட்டும், என்ன இது என்று.

அதே கையோடு இதையும் எழுதிவிட்டேன். அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். பதில் வந்தால் முதலில் அவருக்குச் சொல்லுவேன்.

எழுதியது: அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு, கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய நாள்.